மண்டையோட்டு அடித்தளக் கட்டிகளுக்கான சிறப்புப் பிரிவு: 26 மாத அனுபவத்திற்குப் பின் ஒரு மதிப்புரை

தலை, கழுத்துப் பகுதி எலும்புகளில் அரிதாகத் தோன்றும் புற்றுநோய்களுக்கென்றே தனியாக இயங்கும் ஒரு மருத்துவமனைப் பிரிவில் 26 மாதங்களாகச் சிகிச்சையும் தொடர் கண்காணிப்பும் பெற்று வருகிறேன். அந்தச் சேவையைப் பற்றிய மதிப்புரை இது. குறைகளையும் எழுதப் போவதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். பெயர் தெரியாமல் போவதால் படிப்பவருக்கு இழப்பு ஒன்றும் இல்லை. இந்த நோய்க்கு எந்த ஊரில் சிகிச்சை தேடினாலும் அங்கே எவையெல்லாம் இருக்க வேண்டும், எவை இல்லாவிட்டால் வேறிடம் பார்க்க வேண்டும் என்பதே இங்கு முக்கியம்.

நான் அச்சுப்படி திருத்துபவள். எனக்கு வந்த நோயின் பெயர் கார்டோமா. மண்டையோட்டின் அடிப்பகுதியில், மூக்கின் பின்புறத்திற்கும் மூளைத்தண்டிற்கும் இடையே கிளைவஸ் என்ற சிறிய சரிவான எலும்பு இருக்கிறது. அதில் கட்டி வளர்ந்திருந்தது. கருவில் முதுகெலும்பு உருவாவதற்கு முன் இருக்கும் முதுகுநாண் பிறப்பிற்குள் மறைந்துவிட வேண்டும். அதன் எச்சங்கள் சிலருடைய எலும்பில் தங்கிவிடுகின்றன. அந்த எச்சத்திலிருந்துதான் கார்டோமா தோன்றுகிறது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே இது வரும். அவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் மண்டையோட்டு அடியில் வருகிறது. மற்றவர்களுக்கு முதுகெலும்பின் அடிமுனையிலோ நடுவிலோ வரும். ஆகவே ஒரு பொது மருத்துவர் தம் பணிக்காலம் முழுவதிலும் இதை ஒருமுறைகூடக் காணாமல் ஓய்வு பெறலாம். சிறப்புப் பிரிவு ஒன்று தேவைப்படுவதற்கு இந்த எண்ணிக்கையே காரணம்.

எனக்கு முதலில் தோன்றிய அறிகுறி இரட்டைப் பார்வை. கையில் இருந்த அச்சுப்படியில் எழுத்து ஒன்றாகவே தெரிந்தது. எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரம் மட்டும் பக்கவாட்டில் இரண்டாகத் தெரிந்தது. அருகில் சரியாகத் தெரிந்ததால் இது தூரத்தில் உள்ளவை தெளிவாகத் தெரியாத கிட்டப்பார்வை என்று நானும் நினைத்தேன், கண் பரிசோதித்தவர்களும் நினைத்தார்கள். இரண்டு முறை கண்ணாடி மாற்றினேன். கண்ணை வெளிப்புறமாகத் திருப்பும் தசையை இயக்குவது ஆறாவது மூளை நரம்பு. அது கிளைவஸ் எலும்பை ஒட்டியே மேலேறிச் செல்கிறது. அங்கே கட்டி வளர்ந்தால் பெரும்பாலும் முதலில் அழுத்தப்படுவது அந்த நரம்புதான். ஒரு கண்ணை மூடினால் உருவம் ஒன்றாகிவிடுகிறதா என்று கேட்டிருந்தாலே போதும்: ஒன்றாகிவிட்டால் அது கண்ணாடியின் பவரை மாற்றினால் தீரும் கோளாறு அல்ல. அந்தக் கேள்வியை ஏழு மாதங்கள் எவரும் கேட்கவில்லை. கடைசியில் என் தம்பிதான், "அக்கா, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பாருங்கள்" என்றான். அவன் விளையாட்டாகச் சொன்னதுதான் எம்.ஆர்.ஐ. எடுப்பதில் போய் முடிந்தது.

இனிப் பிரிவின் பணியைப் பற்றி. இந்தச் சேவையில் எது சிறந்தது என்று கேட்டால் கேட்பவர்கள் அறுவை மருத்துவரின் கையையோ கதிர்வீச்சு இயந்திரத்தையோ எதிர்பார்ப்பார்கள். நான் சொல்வது திசுவை ஆராய்ந்து நோயை அடையாளம் காணும் நோய்க்கூறியல் ஆய்வகத்தை. முதலில் சென்ற மருத்துவமனையில் மூக்கு வழியாகச் சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்து, காண்ட்ரோசார்கோமா, அதாவது குருத்தெலும்புப் புற்றுநோய் என்று எழுதித் தந்திருந்தார்கள். அந்த அறிக்கையுடன் சிறப்புப் பிரிவுக்குச் சென்ற முதல் நாளில் என்னை எந்த மருத்துவரும் உடனே பார்க்கவில்லை. கண்ணாடித் தகடுகளையும், திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் வாங்கி வருமாறு சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்போது எரிச்சலாக இருந்தது. ஓர் அறிக்கை கையில் இருக்கும்போது அதே துண்டை மறுபடி பார்ப்பானேன் என்று தோன்றியது. ஒருவர் திருத்திய படியை இன்னொருவர் படிக்காமல் அச்சுக்கு அனுப்பக்கூடாது என்று நாள்தோறும் சொல்லும் தொழிலில் இருந்துகொண்டே அப்படி நினைத்தேன்.

மறு ஆய்வில் பெயர் மாறியது. கார்டோமாவும் காண்ட்ரோசார்கோமாவும் நுண்ணோக்கியில் ஒன்றையொன்று ஒத்திருக்கக்கூடும். இரண்டிலும் செல்களைச் சுற்றிக் கூழ் போன்ற பொருள் இருக்கும், இரண்டுமே எம்.ஆர்.ஐ. படத்தின் ஒரு வகையில் பளிச்சென்று வெண்மையாகத் தெரியும். கார்டோமா பொதுவாக நடுக்கோட்டில் வரும், காண்ட்ரோசார்கோமா சற்றுப் பக்கவாட்டில் எலும்புகள் இணையும் இடத்தில் வரும் என்றாலும் இந்த விதியை மீறும் கட்டிகளும் உண்டு. ஐயத்தைத் தீர்ப்பது பிராக்கியூரி என்ற புரதத்திற்கான சாயப் பரிசோதனை. முதுகுநாண் உருவாவதற்கு வேண்டிய அந்தப் புரதம் கார்டோமாவின் அடையாளம் என்பது 2006இல்தான் எடுத்துக்காட்டப்பட்டது. கார்டோமா செல்களின் உட்கருவில் இந்தச் சாயம் ஏறும், காண்ட்ரோசார்கோமாவில் ஏறாது. முதல் ஆய்வகத்தில் அந்தச் சாயம் போடப்படவே இல்லை.

பெயர் மாறினால் என்ன, கட்டி அதேதானே என்று என் தம்பி கேட்டான். அதற்குக் கதிர்வீச்சு மருத்துவர் சொன்ன விடை எனக்கு மறக்கவில்லை: காண்ட்ரோசார்கோமாவாக இருந்தால் நான் குறைந்த அளவில் நிறுத்திக்கொள்வேன், கார்டோமாவுக்கு அது போதாது. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனம் புரோட்டான் என்ற அணுத்துகளால் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களைப் பற்றி 2009இல் வெளியிட்ட முடிவுகள் இந்த வேறுபாட்டை நன்றாகக் காட்டுகின்றன. அங்கே கார்டோமாவுக்குச் சராசரியாக 73.5 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு), காண்ட்ரோசார்கோமாவுக்கு 68.4 கிரே அளவில் கதிர்வீச்சு தரப்பட்டது. ஐந்தாண்டுகளில் கட்டி அதே இடத்தில் திரும்ப வளராமல் இருந்தவர்கள் முதல் நோயில் 81 விழுக்காடு, இரண்டாவதில் 94 விழுக்காடு. கூடுதல் கதிர்வீச்சு கொடுத்தும் கார்டோமாவின் முடிவு பின்தங்கியே நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தவறான பெயரோடு சிகிச்சை தொடங்கியிருந்தால் எனக்குக் குறைந்த அளவே கிடைத்திருக்கும். அது தவறு என்று தெரியவருவதற்குச் சில ஆண்டுகள் ஆகியிருக்கும்.

அடுத்தது கூட்டு ஆலோசனை. மூளை நரம்பியல் அறுவை மருத்துவர், காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், ஸ்கேன் படம் படிக்கும் மருத்துவர், கண் மருத்துவர் ஆகிய ஐவரும் ஒரே அறையில் என் படங்களைத் திரையில் வைத்துப் பேசினார்கள். கடைசி 20 நிமிடங்கள் என்னையும் உள்ளே அழைத்தார்கள். கட்டி முழுவதையும் ஒரே துண்டாக எடுப்பது முதுகெலும்பின் அடிமுனையில் பல நேரங்களில் இயலும். மண்டையோட்டு அடியில் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனிகளும் மூளைத்தண்டும் இருபுறமும் பின்புறமும் நெருக்கி நிற்பதால் பெரும்பாலும் இயலாது. எனவே எடுக்கக்கூடியதை எடுத்துவிட்டு, மிஞ்சுவதைக் கதிர்வீச்சுக்கு விட வேண்டும். எதை மிச்சம் வைப்பது என்பதை அறுவை மருத்துவர் தனியாக முடிவு செய்யவில்லை. மூளைத்தண்டை ஒட்டியிருக்கும் பகுதியை எப்படியாவது அகற்றித் தாருங்கள், அங்கே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி கிடைத்தால் கூட எனக்கு வேலை எளிதாகும், தமனிக்குப் பின்னால் இருப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கதிர்வீச்சு மருத்துவர் கேட்டுக்கொண்டார். மூளைத்தண்டைக் காப்பதற்காக அதை ஒட்டிய கட்டிக்கு அளவைக் குறைக்க நேரிடும், நோய் பெரும்பாலும் அந்த இடத்திலிருந்துதான் திரும்பும் என்ற விளக்கத்தை அன்று கேட்டபோதுதான், அறுவைக்குப் பிறகு கதிர்வீச்சு மருத்துவரைத் தேடிக்கொள்ளலாம் என்று முதல் மருத்துவமனையில் சொன்ன அறிவுரை எவ்வளவு பிழையானது என்று புரிந்தது.

அறுவையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, மயக்கத்தில் இருந்தேன். இரு மூக்குத் துளைகள் வழியாக எண்டோஸ்கோப்பைச் செலுத்திச் செய்தார்கள், முகத்தில் வடு இல்லை. மூளையைச் சூழ்ந்த உறையில் விழுந்த துளையை மூக்கின் நடுத்தண்டிலிருந்து இரத்த ஓட்டத்தோடு திருப்பிய சவ்வு மடலால் அடைத்தார்கள். 2006இல் விவரிக்கப்பட்ட இந்த முறை வந்த பிறகு மூளைத் தண்டுவடத் திரவம் மூக்கு வழியே கசியும் சிக்கல் பெருமளவு குறைந்திருக்கிறது. ஆறாம் நாள் குனிந்தபோது தெளிந்த நீர் ஒரு துளி சொட்டியது. செவிலியர் அதைச் சிறு குப்பியில் பிடித்து, மூளைத் திரவமா சளியா என்று பிரித்தறியும் பரிசோதனைக்கு அதே மணி நேரத்தில் அனுப்பிவைத்தார். சளி என்றே வந்தது. இந்த விழிப்பிற்கு முழு மதிப்பெண். ஆனால் அதன் பிறகு நான்கு மாதங்கள் மூக்கினுள் பொருக்குக் கட்டி அடைத்துக்கொண்டே இருக்கும், நாள்தோறும் உப்பு நீரால் கழுவ வேண்டியிருக்கும், மணம் தெரியாமல் போகலாம் என்பதை அறுவைக்கு முன் எவரும் சொல்லவில்லை. உயிர் காக்கும் அறுவைக்கு முன்னால் இது அற்பம் என்று கருதியிருக்கலாம். சமைக்கும்போது அடிப்பிடிப்பது தெரியாமல் இரண்டு பாத்திரங்களைக் கருக்கிய எனக்கு அது அற்பமாகப் படவில்லை.

கதிர்வீச்சுப் பகுதிதான் இந்தச் சேவையில் மிக நீண்டது: நாளுக்கு 2 கிரே வீதம் 37 அமர்வுகள், மொத்தம் 74 கிரே, வாரத்தில் ஐந்து நாள், ஏழரை வாரங்கள். சாதாரண எக்ஸ் கதிர் உடலின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் வரை வழியெல்லாம் ஆற்றலைச் சிந்திக்கொண்டே செல்கிறது. எனக்குத் தந்த புரோட்டான் அப்படியல்ல, வேகம் குறையக் குறைய அதிக ஆற்றலைக் கொட்டி, ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் உச்சமடைந்து அங்கேயே நின்றுவிடும். அதற்கு அப்பால் ஏறத்தாழ எதுவும் செல்வதில்லை. இந்தப் பண்பை மருத்துவத்திற்குப் பயன்படுத்தலாம் என்று 1946இல் ராபர்ட் வில்சன் என்ற இயற்பியலாளர் எழுதினார். கட்டிக்கு 74 கிரே வேண்டும், அடுத்திருக்கும் பார்வை நரம்போ 60 கிரேக்கு மேல் தாங்காது என்ற என் நிலைமையில் அந்த உச்சத்தின் விளிம்பு எங்கே விழுகிறது என்பதுதான் எல்லாமும். ஜப்பானின் சிபாவில் 1994 முதல் கார்பன் அயனிகளைக் கொண்டும் இதே வகைச் சிகிச்சை நடக்கிறது. புரோட்டானா கார்பனா என்று நானும் பல இரவுகள் படித்தேன். மண்டையோட்டு அடியில் ஒன்று மற்றதைவிட மேல் என்று ஐயமின்றிச் சொல்வதற்கான சான்று இல்லை, காத்திருந்து காலம் கடத்தாதீர்கள் என்றார் மருத்துவர். விளம்பரக் குரலில் பேசாத இந்த விடை எனக்குப் பிடித்தது.

நடைமுறையில் அது எப்படி இருக்கும் என்பதை எழுதுகிறேன், ஏனென்றால் இதைத்தான் முன்கூட்டியே அறிய விரும்பினேன். வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் அழுத்தி, இறுகும் வரை அசையாமல் இருக்கச் செய்வார்கள். அந்த முகமூடிதான் ஒவ்வொரு நாளும் தலையை மேசையோடு பூட்டும். கதிர் பாயும் நேரம் சில நிமிடங்கள்தான். படம் எடுத்து, முந்தைய படத்தோடு பொருத்தி, மேசையை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துவதற்கே அரை மணி நேரம் போகும். வலி இல்லை. ஆனால் மணமே தெரியாமலிருந்த எனக்கு, கதிர் பாயும்போது குளோரின் போன்ற நெடி அடித்தது, மூடிய கண்ணுக்குள் நீல ஒளி மின்னியது. முதல் நாள் அஞ்சிப் போய் வெளியே வந்து சொன்னபோது, "பலர் இதைச் சொல்வதுண்டு அம்மா, கதிர் நரம்பைத் தூண்டுவதால் தோன்றுவது, நெடி என்று ஒன்று அறையில் இல்லை" என்று தொழில்நுட்பர் பொறுமையாக விளக்கினார். அந்த விளக்கத்தை ஒரு நாள் முன்னதாகத் தந்திருக்கலாம். இயந்திரம் இரண்டு முறை பழுதாகி மூன்று நாள் வீணாயின. சனிக்கிழமைகளில் ஈடுசெய்தார்கள், மொத்த நாளை நீட்டவில்லை.

காத்திருக்கும் கூடத்தில் பழகிய ஓர் இளைஞரின் கதையையும் சேர்க்க வேண்டும். பிரிவின் தரத்தை வேறொரு கோணத்தில் காட்டுவது அது. அவருக்குக் கீழ்த்தாடையில் ஆஸ்டியோசார்கோமா, எலும்பையே உருவாக்கும் செல்களின் புற்று. கை கால் எலும்புகளில் இது பதின்பருவத்தினருக்கு மிகுதியாக வரும். தாடையில் வருவது பெரும்பாலும் முப்பது நாற்பது வயதில். அவருக்கு ஒரு பல் ஆடியது, கீழுதடு மரத்துப் போனது. பல்லைப் பிடுங்கினார்கள், குழி ஆறவில்லை, வீக்கம் வந்தது. சொத்தையும் ஈறு நோயும் இல்லாமல் ஒரு பல் ஆடினால், உடன் உதடும் மரத்தால், பிடுங்குவதற்கு முன் எலும்பைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்த பாடம். அவருக்குக் கதிர்வீச்சு முதன்மைச் சிகிச்சையே அல்ல. கட்டியைச் சுற்றி நோயற்ற எலும்போடு சேர்த்துத் தாடையின் ஒரு பகுதியை வெட்டி, காலின் வெளிப்புறத்தில் இருக்கும் மெல்லிய ஃபிபுலா எலும்பை இரத்தக் குழாயோடு எடுத்து அந்த இடத்தில் பொருத்தினார்கள். வெட்டிய ஓரத்தில் நோய் இல்லை என்று வருவதுதான் தாடைக் கட்டியில் முடிவைத் தீர்மானிக்கிறது. அவருக்கு ஓரிடத்தில் ஓரம் மிக நெருக்கமாக இருந்ததால்தான் கதிர்வீச்சுக் கூடத்திற்கே வந்தார். அதே கூடத்தில் ஈவிங் சார்கோமா என்ற இன்னொரு வகை எலும்புப் புற்று வந்த ஒரு சிறுமிக்கோ முதலில் மருந்துச் சிகிச்சை தொடங்கி, கட்டி சுருங்கிய பிறகே மற்றவற்றைப் பற்றிப் பேசினார்கள். எனக்கோ கீமோதெரபி என்ற பேச்சே எழவில்லை, ஏனெனில் வழக்கமான கார்டோமா அந்த மருந்துகளுக்குப் பணிவதில்லை. மூவருக்கும் நோய் எலும்பில், தலையில். மூவருக்கும் மூன்று வரிசை. எல்லாருக்கும் ஒரே அட்டவணையை நீட்டும் இடமாக இருந்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

குறை சொல்ல வேண்டியது சிகிச்சைக்குப் பிந்தைய காலத்தைப் பற்றித்தான், அது சிறு குறையும் அல்ல. 37ஆவது நாள் வரை ஐவர் சேர்ந்து பார்த்த என்னை 38ஆவது நாள் முதல் எவரும் முழுதாகப் பார்க்கவில்லை. கண்ணுக்கு ஒரு தேதி, மூக்கிற்கு ஒரு தேதி, எம்.ஆர்.ஐ.க்கு ஒரு தேதி, ஒருவர் எழுதியது மற்றவர் கணினியில் தெரியாது. பிட்யூட்டரி சுரப்பி கதிர்வீச்சுப் பாதைக்கு அருகிலேயே இருப்பதால் அதன் சுரப்பு சில ஆண்டுகள் கழித்தும் குறையலாம், ஆகவே ஆண்டுதோறும் இரத்தத்தில் ஹார்மோன்களைச் சோதிக்க வேண்டும். எனக்கு அதைச் சொன்னவர் பிரிவின் மருத்துவர் அல்லர். ஓயாத களைப்பு என்று நான் சென்று பார்த்த குடும்ப மருத்துவர். தைராய்டைத் தூண்டும் சுரப்பு குறைந்திருந்தது. மாத்திரை தொடங்கி ஆறு வாரத்தில் எழுந்து நடமாட முடிந்தது. செவித்திறன் பரிசோதனையையும் நானே கேட்டு வாங்கினேன்.

இன்னொன்று, என் தொழிலால் கண்ணில் பட்டது. ஒவ்வொரு எம்.ஆர்.ஐ. அறிக்கையும் முந்தைய படத்தோடு ஒப்பிட்டு "குறிப்பிடத்தக்க மாற்றமில்லை" என்று முடிந்தது. கார்டோமா மெதுவாக வளர்வது. ஆறு மாதத்திற்கு ஒரு மில்லிமீட்டர் கூடினால் எந்த இரு அடுத்தடுத்த படங்களிலும் அது மாற்றமாகத் தெரியாது; கதிர்வீச்சு முடிந்தபின் எடுத்த முதல் படத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும். நான்காம் அறிக்கையை எடுத்துக்கொண்டு போய் இதைக் கேட்டபோது ஸ்கேன் மருத்துவர் சற்று முகம் சுளித்தார், பிறகு எல்லாப் படங்களையும் வரிசையாகத் திறந்து என் முன்னாலேயே அளந்தார். மாற்றம் உண்மையிலேயே இல்லை. ஐந்தாம் அறிக்கையிலிருந்து முதல் படத்தோடும் ஒப்பிட்டு எழுதுகிறார்கள். என் கோப்பில் மட்டுமா, எல்லார் கோப்பிலுமா என்று அடுத்த முறை கேட்க வேண்டும்.

இரட்டைப் பார்வை முக்கால்வாசி சரியாகிவிட்டது. மிச்சத்திற்குக் கண்ணாடியில், ஒளியை வளைத்து இரு உருவங்களையும் ஒன்றாக்கும் பட்டகம் ஒட்டியிருக்கிறார்கள். மதிப்பெண் என்றால், நோயைக் கண்டறிவதற்கும் திட்டமிடலுக்கும் ஐந்துக்கு ஐந்து, அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் ஐந்துக்கு நாலரை, முன்கூட்டி விளக்குவதற்கு மூன்று, பின் கண்காணிப்புக்கு இரண்டு. மீண்டும் தேர்ந்தெடுக்க நேர்ந்தால் இதே பிரிவுக்குத்தான் செல்வேன். ஆனால் முதல் நாளிலேயே, 38ஆவது நாள் முதல் என்னை யார் பார்ப்பார் என்று கேட்டு, ஒரே ஒருவரின் பெயரை எழுதி வாங்கிக்கொள்வேன்.

செல்பவர்களுக்கு ஒன்று: அறிக்கையின் நகல் போதாது. கண்ணாடித் தகடுகள், மெழுகுக் கட்டி, எல்லா ஸ்கேன்களின் குறுந்தகடு ஆகியவற்றை முந்தைய மருத்துவமனையில் எழுத்து மூலம் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். மெழுகுக் கட்டியை ஒப்படைக்கும்போது ரசீது தருவார்கள். அதைப் பத்திரமாக வையுங்கள். பிற்காலத்தில் வேறு பரிசோதனைக்கு அதே கட்டி தேவைப்படலாம், ரசீது இல்லாமல் திரும்பப் பெற எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.